ஐரிஷ் விஸ்கி: வயதும் விலையும் சொல்லாத செய்தி

அயர்லாந்தின் பழைய ஆண்டுக் குறிப்பேடுகளுள் ஒன்றான க்ளோன்மக்நாய்ஸ் குறிப்பேட்டில், 1405-ஆம் ஆண்டுக்குரிய பதிவு ஒன்று உள்ளது. குலத் தலைவர் ஒருவர் கிறிஸ்துமஸ் காலத்தில் 'உயிர்நீரை' அளவுக்கு மீறிப் பருகி மாண்டார் என்பதே அச்செய்தி. 'உயிர்நீர்' என்று பொருள்படும் கேலிக் மொழிச் சொற்றொடரே பின்னாளில் ஆங்கிலேயர் நாவில் திரிந்து 'விஸ்கி' ஆயிற்று. அயர்லாந்தில் இந்தப் பானத்தைப் பற்றிய மிகப் பழைய எழுத்துச் சான்று, அதன் சுவையைப் பேசவில்லை. அளவு தவறியதால் நேர்ந்த சாவையே பேசுகிறது.

மது அருந்தாதிருப்பதே நலம் என்பார்க்கு இக்கட்டுரை மறுமொழி அன்று. எப்போதேனும் ஒரு கோப்பை அருந்துவோர், எதைக் கொண்டு தேர்ந்தெடுக்கின்றனர் என்பதே இங்குக் கேள்வி. விமான நிலையக் கடையின் அலமாரி முன்னே நிற்பவர் பெரும்பாலும் மூன்றைத்தான் பார்க்கிறார்: விலை, புட்டியில் அச்சிட்டுள்ள வயது, கேள்விப்பட்ட பெயர். இம்மூன்றும் ஓரளவே வழிகாட்டும். ஐரிஷ் விஸ்கியைப் பொறுத்தவரை, லேபிளில் சிறிய எழுத்தில் இருக்கும் இரண்டொரு சொற்களே உள்ளே இருப்பதன் சுவையைக் கூடுதலாக உணர்த்துகின்றன. அச்சொற்களைப் படிக்கத் தெரியாமல் வாங்குவோர் மிகுந்தால் என்ன நேரும் என்பதற்கும் அயர்லாந்தின் வரலாறே சாட்சி.

வரி தந்த சுவை

தானியத்தை ஊறவைத்து முளைகட்டினால், அதிலுள்ள மாவுப்பொருள் சர்க்கரையாக மாறுவதற்கான நொதிகள் உருவாகின்றன. முளைகட்டிய தானியத்தை உலர்த்தி அரைத்து, வெந்நீரில் கரைத்துப் புளிக்கவைத்து, கிடைக்கும் மதுவைக் காய்ச்சி வடித்து, ஓக் மரப் பீப்பாய்களில் பல ஆண்டுகள் அடைத்து வைத்தால் விஸ்கி. ஸ்காட்லாந்திலும் அயர்லாந்திலும் அடிப்படைச் செய்முறை இதுவே. பெரும்பாலும் பயன்பட்ட தானியம் பார்லி.

18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், முளைகட்டிய பார்லியின் மீது விதிக்கப்பட்ட வரி அயர்லாந்தின் வடிப்பாலைகளை நெருக்கியது. முளைகட்டாத பார்லிக்கு அந்த வரி கிடையாது. எனவே, முளைகட்டியதோடு முளைகட்டாத பார்லியையும் சேர்த்து அரைக்கும் வழக்கம் பரவியது. வரிச்சுமையைக் குறைக்க மேற்கொண்ட உபாயம், எவரும் திட்டமிடாத ஒரு சுவையைத் தந்தது. முளைகட்டாத பார்லி வடிநீருக்கு எண்ணெய்ப் பசையை ஒத்த ஒரு வழவழப்பையும், கிராம்பு, மிளகை நினைவூட்டும் மெல்லிய காரத்தையும் அளித்தது. செம்பினாலான பானை வடிவ வடிகலத்தில் இந்தக் கலவையை வடித்தெடுத்ததால் இதற்குப் 'பாட் ஸ்டில்' விஸ்கி எனப் பெயர். பின்னர் வரி நிலவரம் மாறியபோதும் கலவை மாறவில்லை. அதற்குள் குடிப்பவர்கள் அந்தச் சுவைக்குப் பழகிவிட்டிருந்தனர்.

19-ஆம் நூற்றாண்டில் உலகச் சந்தையில் முன்னின்றது இந்த விஸ்கிதான். 1887-இல் வெளியான தம் நூலுக்காக பிரிட்டன், அயர்லாந்து வடிப்பாலைகளைச் சுற்றிவந்த ஆல்ஃபிரட் பார்னார்ட், அயர்லாந்தில் மட்டும் 28 ஆலைகளைக் கண்டு எழுதினார். டப்ளின் நகரத்து ஆலைகள் சில, அக்காலத்தில் உலகின் மிகப் பெரிய வடிப்பாலைகளுள் வைத்து எண்ணப்பட்டன.

சொந்த நாட்டில் விலைபோகாத கண்டுபிடிப்பு

இந்த உச்சியிலிருந்து வீழ்ச்சி தொடங்கியதற்கு ஒரு காரணம் அயர்லாந்திலேயே பிறந்தது. கலால் துறையில் உயர் அதிகாரியாக இருந்து ஓய்வுபெற்ற ஈனியஸ் காஃபி, 1830-இல் ஒரு புதுவகை வடிகலத்துக்குக் காப்புரிமை பெற்றார். பானை வடிகலத்தில் ஒவ்வொரு முறையும் நிரப்பி, காய்ச்சி, காலி செய்ய வேண்டும். காஃபியின் தூண் வடிவ வடிகலமோ இடைவிடாது இயங்கியது. குறைந்த செலவில் மிகுதியாக வடித்தது. ஆனால், அதிலிருந்து வந்த வடிநீர் மென்மையானது. மணமும் சுவையும் குறைந்தது.

டப்ளின் முதலாளிகள் அதை ஏற்கவில்லை. 1879-இல் அந்நகரின் நான்கு பெரிய நிறுவனங்கள் சேர்ந்து வெளியிட்ட நூலொன்று, தூண் வடிகலத்தின் சரக்கு விஸ்கியே அன்று என வாதிட்டது. ஸ்காட்லாந்தினரோ அந்தச் சாதுவான வடிநீரைத் தங்கள் மால்ட் விஸ்கியோடு கலந்து, எல்லோர் நாவுக்கும் ஒத்த, விலை மலிந்த கலப்பு விஸ்கியை உருவாக்கி உலகெங்கும் அனுப்பினர். 'விஸ்கி' என்ற பெயருக்கு உரியது எது என ஆராய 1908-இல் அமைக்கப்பட்ட அரச ஆணையம், அடுத்த ஆண்டு தூண் வடிகலத்துக்குச் சாதகமாகவே கருத்துரைத்தது.

தொடர்ந்து வந்த அடிகள் அயர்லாந்தைச் சாய்த்தன. விடுதலைப் போராட்டமும் உள்நாட்டுப் போரும் தொழிலைக் குலைத்தன. 1920 முதல் 1933 வரை அமெரிக்காவில் மதுவிலக்கு நடப்பில் இருந்ததால் அச்சந்தை அடைபட்டது. 1930-களில் பிரிட்டனோடு மூண்ட வணிகப் பூசல் மற்றொரு சந்தையையும் சுருக்கியது. ஆலைகள் ஒவ்வொன்றாக மூடின. 1966-இல் எஞ்சிய பெரிய போட்டியாளர்களான ஜேம்ஸன், பவர்ஸ், கார்க் வடிப்பாலை நிறுவனம் ஆகியவை ஒன்றாக இணைந்தன. 1972-இல் வடக்கு அயர்லாந்தின் புஷ்மில்ஸும் சேர்ந்தது. 1975-இல் கார்க் மாவட்டம் மிடில்டனில் புதிய ஆலை திறக்கப்பட்டபின், அந்தத் தீவு முழுவதிலும் எஞ்சியவை இரண்டே வடிப்பாலைகள்: மிடில்டன், புஷ்மில்ஸ்.

அந்நிலையில் பழைய பாட் ஸ்டில் சுவை ஏறக்குறைய மறைந்தே போயிருக்க வேண்டியது. புகழ்பெற்ற ரெட்பிரெஸ்ட் 1980-களின் நடுவில் நிறுத்தப்பட்டது. 1991-இல்தான் மீண்டும் வந்தது. மிட்செல் அண்ட் சன் என்ற டப்ளின் ஒயின் வணிகக் குடும்பம் தன் பெயரில் விற்றுவந்த கிரீன் ஸ்பாட் இடையறாது நீடித்தது. ஒரு நாட்டின் தனித்துவமான சுவை, சில ஆண்டுகள் ஒரு கடைக்காரரின் பிடிவாதத்தில் உயிர்வாழ்ந்தது என்றால் மிகையன்று.

லேபிளில் நான்கு சொற்கள்

இந்த வரலாறு தெரிந்தால் லேபிளைப் படிப்பது எளிது. 1980-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, ஐரிஷ் விஸ்கி அயர்லாந்துத் தீவிலேயே தானியத்திலிருந்து வடிக்கப்பட்டு, குறைந்தது மூன்று ஆண்டுகள் அங்கேயே மரப் பீப்பாயில் முதிர்ந்திருக்க வேண்டும். நம் நாட்டில் விஸ்கி என விற்கப்படுவனவற்றில் கணிசமானவை கரும்புச் சர்க்கரைப் பாகின் கழிவிலிருந்து வடித்த சாராயத்தைக் கொண்டவை. ஐரோப்பிய விதிகளின்படி அவற்றுக்கு விஸ்கி என்ற பெயர் கிடையாது. ஐரிஷ் விஸ்கி நான்கு வகைப்படும்.

முதலாவது, சிங்கிள் பாட் ஸ்டில். முளைகட்டிய பார்லியும் முளைகட்டாத பார்லியும் ஒவ்வொன்றும் குறைந்தது 30 விழுக்காடு இருக்க வேண்டும். 'சிங்கிள்' என்றால் ஒரே வடிப்பாலையில் உருவானது என்று பொருள். ஒரே பீப்பாய் என்பதன்று. வேறெந்த நாட்டின் மரபிலும் வேரூன்றாத அயர்லாந்துச் சுவை இதுதான்.

இரண்டாவது, சிங்கிள் மால்ட். முழுக்க முளைகட்டிய பார்லியில், பானை வடிகலத்தில் வடித்தது. புஷ்மில்ஸ் ஆலையின் மால்ட் மும்முறை வடிக்கப்படுவது. தேனும் பழமும் கலந்த மென்மை அதன் இயல்பு. ஸ்காட்லாந்தின் சில தீவு விஸ்கிகளில் எழும் புகைமணம் பெரும்பாலான ஐரிஷ் மால்ட்களில் இராது. தானியத்தை உலர்த்த, சதுப்பு நிலங்களில் வெட்டியெடுக்கும் பீட் என்ற மண்கரியை எரிப்பதால் வருவது அந்த மணம். அதை விரும்புவோர்க்குக் கானமாரா என்ற ஐரிஷ் மால்ட் உண்டு.

மூன்றாவது, கிரெய்ன். மக்காச்சோளம், கோதுமை போன்ற தானியங்களைத் தூண் வடிகலத்தில் வடிப்பது. தனித்து விற்கப்படுவது குறைவு. எனினும் நல்ல பீப்பாயில் முதிர்ந்த டீலிங் சிங்கிள் கிரெய்ன் போன்றவை, இவ்வகையை வெறும் கலப்புச் சரக்கு எனத் தள்ளிவிட முடியாது என்பதைக் காட்டுகின்றன.

நான்காவது, பிளெண்டட் எனப்படும் கலப்பு விஸ்கி. மேற்கண்டவற்றில் இரண்டோ மூன்றோ கலந்தது. உலகில் விற்கும் ஐரிஷ் விஸ்கியில் பெரும்பகுதி இதுவே. ஜேம்ஸனின் பச்சைப் புட்டி இதன் பரவலான வடிவம். டல்லமோர் டியூ மூன்று வகைகளையும் கலந்தது. கலப்பு என்றாலே மட்டம் என்று கருத வேண்டியதில்லை. மால்ட் மிகுதியாகச் சேர்ந்து, ஷெர்ரி ஒயின் இருந்த பீப்பாய்களில் முதிர்ந்த பிளாக் புஷ், கூடுதல் விலைகொண்ட பல மால்ட்களுக்கு ஈடுகொடுக்கும். ரைட்டர்ஸ் டியர்ஸ், கிரெய்ன் சேராமல் பாட் ஸ்டில்லும் மால்ட்டும் மட்டுமே இணைந்த கலவை.

வயதும் நிறமும் சொல்வது பாதிதான்

புட்டியில் '12 ஆண்டு' என்றிருந்தால், உள்ளே கலந்தவற்றில் மிக இளையதற்கு 12 வயது என்று பொருள். அது பீப்பாயில் கழிந்த காலத்தையே குறிக்கும். கண்ணாடிப் புட்டிக்குள் விஸ்கி முதிர்வதில்லை. வெளிநாட்டிலிருந்து உறவினர் தந்த புட்டியை அலமாரியில் இருபது ஆண்டு பூட்டிவைத்தாலும் அதன் வயது ஒரு நாளும் கூடாது. திறந்து வைத்தால் மணம்தான் குறையும்.

காலத்தைவிடப் பீப்பாயின் முன்வரலாறு முதன்மையானது. அமெரிக்கச் சட்டப்படி போர்பன் விஸ்கி, உட்புறம் கரிக்கப்பட்ட புதிய ஓக் கலன்களில் முதிர வேண்டும். ஒருமுறை பயன்பட்ட பீப்பாய்கள் அவர்களுக்கு மறுபடி உதவா. அவையே அயர்லாந்துக்கு வருகின்றன. போர்பன் பீப்பாய் வெண்ணிலா, தேங்காய், கேரமல் மணம் தரும். ஸ்பெயினின் ஷெர்ரி ஒயின் இருந்த பீப்பாய், உலர் திராட்சை, அத்தி, கொட்டை வகைகளின் சாயலைத் தரும். ரெட்பிரெஸ்ட் 12 இவ்விரண்டிலும் முதிர்ந்தவற்றின் சேர்க்கை. நம் பண்டிகைக் கால உலர்பழக் கேக்கின் மணம் அதில் எழுவது ஷெர்ரி பீப்பாயின் கொடை. மிகப் பழைய விஸ்கி எல்லாம் மிக நல்லது என்பதும் சரியன்று. அளவுக்கு மேல் மரத்தில் கிடந்தால், தானியத்தின் சுவை மறைந்து மரத்தின் துவர்ப்பே மேலோங்கிவிடும்.

நிறத்தை நம்பித் தேர்வது அதனினும் பிழையானது. சர்க்கரையைக் கருக்கிச் செய்யும் கேரமல் நிறத்தைச் சேர்க்க விதிகள் இடமளிக்கின்றன. ஆகவே, கருஞ்சிவப்பு நிறம் முதிர்ச்சிக்கான உத்தரவாதம் அன்று. ஆல்கஹால் அளவோ பயனுள்ள குறிப்பு. சட்டம் கோரும் குறைந்த அளவு 40 விழுக்காடு. 46 விழுக்காட்டில் புட்டியில் அடைக்கப்படுபவை பலவும், குளிரூட்டி வடிகட்டப்படாதவை. குளிரில் கலங்காதிருக்கச் செய்யும் அந்த வடிகட்டல், வாயில் நிறையும் பசைத்தன்மையில் ஒரு பகுதியையும் நீக்கிவிடுகிறது.

இவற்றைக் கூட்டிப் பார்த்தால் தேர்வு எளிதாகிறது. முதன்முறை ஐரிஷ் விஸ்கியை நாடுபவர், ஜேம்ஸனையோ டல்லமோர் டியூவையோ தொடக்கமாகக் கொள்ளலாம். அடுத்த அடி கிரீன் ஸ்பாட் அல்லது பவர்ஸ் நிறுவனத்தின் ஜான்ஸ் லேன். பாட் ஸ்டில் என்ற சொல்லின் பொருள் அங்கே நாவில் விளங்கும். மென்மையும் இனிப்பும் விரும்புவோர்க்குப் புஷ்மில்ஸ் 10 ஆண்டு மால்ட். செறிவு வேண்டுவோர்க்கு ரெட்பிரெஸ்ட் 12. இதற்கு மேலுள்ள விலைகளில் பெரும்பகுதி, அரிதானது என்பதற்காகவும் அழகிய பெட்டிக்காகவும் தரப்படுவது. சுவை அதே விகிதத்தில் உயர்வதில்லை.

பெயர் பல, ஆலை சில

1987-இல் ஜான் டீலிங் என்ற தொழிலதிபர், லௌத் மாவட்டத்தில் உருளைக்கிழங்கிலிருந்து ஆல்கஹால் தயாரித்துவந்த அரசு ஆலையை வாங்கிக் கூலி வடிப்பாலையாக மாற்றினார். இரண்டே ஆலைகள் என்ற நிலை அதனால் உடைந்தது. 2012-இல் டிங்கிள், 2015-இல் டப்ளினில் டீலிங் குடும்பத்தின் ஆலை எனத் தொடர்ந்து, இன்று நாற்பதுக்கும் மேற்பட்ட வடிப்பாலைகள் அயர்லாந்தில் உள்ளன.

ஆயினும், சந்தையில் உள்ள பெயர்களின் எண்ணிக்கை ஆலைகளின் எண்ணிக்கையை விடப் பன்மடங்கு மிகுதி. ஜேம்ஸன், பவர்ஸ், ரெட்பிரெஸ்ட், கிரீன் ஸ்பாட் ஆகிய நான்கும் மிடில்டன் என்ற ஒரே இடத்தில் வடிக்கப்படுபவை. சொந்த ஆலை இல்லாத பல நிறுவனங்கள், பிற ஆலைகளில் மொத்தமாக வாங்கித் தம் பெயரிட்டு விற்கின்றன. இதில் மோசடி ஏதுமில்லை. நல்ல பீப்பாய்களைத் தேர்ந்து கலப்பதும் ஒரு கலைதான். ஆனால், பழங்காலத் துறவி, கடற்கொள்ளையன், கவிஞன் என ஏதோவொரு கதையை லேபிளில் எழுதிவிட்டு, வடித்த இடத்தை மட்டும் சொல்லாமல் விடும்போது வாங்குபவர் விழித்துக்கொள்ள வேண்டும். ஆண்டு எண்களிலும் அதே கவனம் தேவை. புஷ்மில்ஸ் லேபிளில் உள்ள 1608 என்பது, அந்த வட்டாரத்தில் வடிப்பதற்கு அரசர் உரிமம் வழங்கிய ஆண்டு. நிறுவனம் பதிவானது 1784-இல்.

விதிகளிலும் வாதம் ஓயவில்லை. பாட் ஸ்டில் கலவையில் ஓட்ஸ், ரை போன்ற பிற தானியங்கள் 5 விழுக்காட்டுக்கு மேல் கூடாது என 2014-இல் வகுக்கப்பட்ட விவரக் குறிப்பு கூறியது. 19-ஆம் நூற்றாண்டின் ஆலைக் குறிப்புகளில் அவற்றின் பங்கு இதைவிட மிகுதி என்பதைப் புதிய சிறு ஆலைகள் எடுத்துக்காட்டின. பெரிய நிறுவனம் ஒன்றின் 20-ஆம் நூற்றாண்டு வழக்கத்தையே மரபு எனச் சட்டமாக்கிவிட்டால், அதற்கு முந்தைய மரபு சட்டவிரோதமாகிவிடும் என்பது அவர்களின் வாதம். புறந்தள்ள முடியாத வாதம் அது.

எப்படி, எவ்வளவு?

வாய் குறுகி அடி அகன்ற சிறு கண்ணாடிக் கோப்பை மணத்தைத் தேக்கித் தரும். முதலில் முகர வேண்டும். பிறகு சிறு மிடறு. சில துளி நீர் சேர்த்தால் ஆல்கஹாலின் நெடி அடங்கி மற்ற மணங்கள் எழும். பனிக்கட்டி தடையன்று, ஆனால், குளிர் மிகும்போது மணம் ஒடுங்கும். விலை கூடிய பாட் ஸ்டில்லைக் குளிர்பானத்தில் கரைப்பது மட்டும் வீண். அதற்குக் கலப்பு விஸ்கியே போதும்.

அளவைப் பற்றியும் அயர்லாந்து கடுமையாகச் சிந்தித்திருக்கிறது. 1838-இல் கார்க் நகரில் பாதிரியார் தியோபால்டு மேத்யூ தொடங்கிய இயக்கத்தில், இலட்சக்கணக்கானோர் மதுவைத் துறப்பதாக உறுதி ஏற்றனர். 2022 முதல் அந்நாட்டில் மதுவுக்குச் சட்டப்படியான குறைந்தபட்ச விலை நடைமுறையில் உள்ளது. ஐரிஷ் மதுக்கூடத்தின் ஒரு அளவை 35.5 மில்லி லிட்டர். அதில் ஏறத்தாழ 11 கிராம் ஆல்கஹால் உண்டு. நம்மிடையே 'லார்ஜ்' எனப்படும் 60 மில்லி, அதைப் போல் ஒன்றே முக்கால் மடங்கு. உடல்நலத்துக்கு முற்றிலும் தீங்கற்ற மது அளவு என்று ஒன்றில்லை என உலக சுகாதார அமைப்பு 2023-இல் தெளிவாகவே கூறிவிட்டது. சுவைக்காக அருந்துபவர்க்கு, குறைவாக அருந்துவது இழப்பே அன்று. இரண்டாம் கோப்பைக்குப் பின் நாவின் நுட்பம் மங்கிவிடும் என்பதைச் சுவைஞர் அறிவர்.

புதிய ஆலைகள் எல்லாம் நிலைக்கும் என்ற உறுதியில்லை. எந்த நிலத்துப் பார்லி எந்தச் சுவை தரும் என ஆராய்ந்து, பண்ணைவாரியாக வடித்துவந்த வாட்டர்ஃபோர்ட் ஆலை 2024 நவம்பரில் கடன் நெருக்கடியால் நிர்வாகியின் பொறுப்புக்குச் சென்றது. வடித்த சரக்கு விற்பனைக்கு வரவே மூன்றாண்டு காத்திருக்க வேண்டிய தொழில் இது. அதுவரை தாங்க முதல் வேண்டும். அதன்பின் தாங்க, வேறுபாடு அறிந்து வாங்குவோர் வேண்டும்.

ஒரு நூற்றாண்டுக்கு முன் ஐரிஷ் விஸ்கி வீழ்ந்ததற்கு அரசியல், போர், வரி, பிடிவாதம் எனக் காரணங்கள் பல. எல்லாம் ஒன்றுபோல் இருந்தால் போதும், மலிவாகக் கிடைத்தால் போதும் என்று சந்தை மனம் மாறியதும் அவற்றுள் ஒன்று. அன்று மறைந்த ஆலைகளின் சுவை எப்படி இருந்தது என்பதை இனி எவராலும் முழுமையாக அறிய முடியாது. எஞ்சியிருப்பது பிழைத்து வந்த ஒரு மரபு. அதை நாடுவோர், வயதையும் பெட்டியையும் பார்ப்பதற்கு முன் லேபிளில் 'பாட் ஸ்டில்' என்ற சொல் இருக்கிறதா, வடித்த இடம் எழுதப்பட்டிருக்கிறதா எனப் பார்க்கலாம். நல்ல தேர்வுக்கு அதுவே முதற்படி. அந்த மரபு நீடிப்பதற்கும் அதுவே துணை.